மூன்றாவது பம்பில் ஆள்

தென்சென்னையின் சாக்கடையை ஏ.சி. அறையில் உட்கார்ந்தபடியே ஓட்டலாம் என்று கண்டுபிடித்தவர்களுக்கு ஜலசேது என்று பெயர். தனியார் கம்பெனி. அடையாறில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவர்களுடைய கன்ட்ரோல் ரூம் இருந்தது. சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் பதினோரு பம்பிங் ஸ்டேஷன்கள். மயிலாப்பூர் குளித்து முடித்தால் ஒரு ஸ்டேஷனின் சாக்கடைக் கிணற்றில் மட்டம் ஏறும், தி.நகர் பாத்திரம் தேய்த்தால் இன்னொன்றில் ஏறும். ஏறினால் மவுசைத் தட்ட வேண்டும். எங்கோ ஒரு பம்ப் உறுமிக்கொண்டு கிளம்பும். கையில் அழுக்கு படாது. வேலை அவ்வளவுதான் என்று கம்பெனியின் வெப்சைட் சொன்னது.

அந்த மவுசைப் பிடித்திருந்தவள் ரோஸி. முப்பத்திரண்டு வயது, சாந்தோம் கடற்கரைப் பக்கத்து வீடு, இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா. பேனல் ஆபரேட்டர் என்பது ஆர்டரில் போட்டிருந்த பதவி. உண்மையில் அவள் பார்த்த உத்தியோகம் வேறு. நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களுக்கு நடுவில் பேச்சைச் சுமந்து போவது.

ஒருவர் நிரஞ்சன், ஷிஃப்ட் இன்சார்ஜ். மயிலாப்பூர்க்காரர், சைனஸ் தொல்லை, சித்திரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். எந்தக் கிணறு எவ்வளவு தாங்கும், எந்தக் குழாய் எங்கே போய்ச் சேரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இன்னொருவர் நந்தகுமார், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். பம்புகளின் சத்தத்தைக் கேட்டே இன்ன வியாதி என்று சொல்லிவிடுவார். ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றி வியர்த்து வழிய வருபவர், வந்ததும் ஏ.சி.யைப் பதினெட்டில் வைப்பார். நிரஞ்சன் இருபத்தாறுக்கு ஏற்றுவார். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ரிமோட்டைக் காணோம். நீ எடுத்தாய், நான் எடுக்கவில்லை என்று ஆரம்பித்தது, வாய் வார்த்தை முற்றி, அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ரிமோட் மறுநாளே சோஃபாவுக்கு அடியில் கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை.

"ரோஸி, அவர்ட்ட சொல்லு, மந்தைவெளியில ரெண்டாவது பம்ப் ஒரு மாதிரி சத்தம் போடறதுன்னு."

"ரோஸிம்மா, அவராண்ட சொல்லு, அது பம்ப் சத்தம் இல்ல, காத சுத்தி மஃப்ளர் கட்டிக்கினா அப்டித்தான் கேக்கும்னு."

இரண்டுமே இரண்டு பேர் காதிலும் நேராகவே விழும். இருந்தாலும் ரோஸி ஒரு தடவை திருப்பிச் சொன்னால்தான் அது அதிகாரபூர்வமாகும். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. இரண்டாவது மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. "ஆபீஸ்ல இன்னாம்மா வேல ஒனக்கு?" என்று அப்பா மிக்கேல் கேட்டபோது, "ரெண்டு பேருக்கு நடுவுல வாய்" என்று சொன்னாள். அவர் வலையை உதறிக்கொண்டே, அதற்கு டிப்ளமா எதற்கு என்று கேட்டார்.

இந்த லட்சணத்தில்தான் தலைமை அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது. நாட்டில் ஜலசேது நடத்தும் ஏழு கன்ட்ரோல் ரூம்களில் மிகச் சிறந்த குழு அடையாறு குழுதான். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், அலாரம் அடித்து எத்தனை நொடிக்குள் ஆபரேட்டர் பட்டனை அமுக்கி அதை நிறுத்துகிறார் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறது. அடையாறில் சராசரி மூன்று நொடி. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு அலாரம் அடித்தால் யாரும் படித்துப் பார்த்து அமுக்க மாட்டார்கள், கொசு அடிப்பதுபோல அடித்துவிட்டுப் போவார்கள் என்பது தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. கேடயம் தயாரானது.

மேனேஜர் அனிருத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை, காலையில் தி.நகர் ஹோட்டல் ஒன்றில் குழுப்பணிப் பயிற்சி, மாலை மூன்று மணிக்குக் கன்ட்ரோல் ரூமிலேயே கேடயம் என்று ஏற்பாடு செய்தார். பயிற்சி கொடுக்க ஷ்ரேயா என்ற பெண் வந்திருந்தார். கேடயத்தையும் அவர் கையாலேயே கொடுப்பதாகத் திட்டம்.

பயிற்சியில் நாற்பது நிமிஷம் பலூன் ஊதினார்கள். பிறகு ஒரு நூல்கண்டை ஆளுக்கு ஆள் தூக்கிப் போட்டு வலை பின்னச் சொன்னார் ஷ்ரேயா. நிரஞ்சன் கண்டை ரோஸிக்குப் போட்டார். ரோஸி நந்தகுமாருக்குப் போட்டாள். நந்தகுமார் மறுபடி ரோஸிக்கே போட்டார். விளையாட்டு முடிந்தபோது ரோஸி இடுப்புவரை நூலில் சிக்கி நின்றாள்.

"வாவ்! எல்லாத் தொடர்பும் இவங்க வழியாத்தான் போகுது பாருங்க, இதுதான் டீம்!" என்று ஷ்ரேயா சொல்ல, அனிருத் முதல் ஆளாகக் கை தட்டினார்.

கடைசி ஐந்து நிமிஷத்தில் ஷ்ரேயா உருப்படியாக ஒன்று சொன்னார். ஒருவர் ஒரு வேலையைச் சொன்னால், கேட்டவர் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் சரி என்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். ஆனால் அதற்குள் பிரியாணி வாசம் வந்துவிட்டது. "நாங்க இன்னா கிளியா மேடம்?" என்றார் நந்தகுமார். எல்லோரும் சிரித்தபடி எழுந்தார்கள்.

சாப்பாட்டின் நடுவில் நந்தகுமாருக்கு போன் வந்தது. தி.நகர் ஸ்டேஷனின் மெக்கானிக் ஷரீஃப். மூன்றாவது பம்பும் மோட்டாரும் சேருமிடத்தில் உள்ள கப்ளிங் தளர்ந்து ஆடுகிறது, மழை வருவதற்குள் கழற்றி மாட்டிவிடட்டுமா என்று கேட்டார். மாட்டு என்றார் நந்தகுமார்.

இங்கே ஒரு விஷயம். அந்த மாதிரி வேலைக்கு முன்னால் ஸ்டேஷனிலேயே ஒரு சுவிட்சைத் திருப்பிப் பூட்டுப் போட வேண்டும். அப்புறம் அடையாறில் யார் மவுசைத் தட்டினாலும் பம்ப் அசையாது. தி.நகர் மூன்றாவது பம்பின் அந்தச் சுவிட்ச் உடைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. புதியது கேட்டு எழுதிய கடிதம் தலைமை அலுவலகத்தில் மேஜை மேஜையாக ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை சுவிட்சுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் அட்டை. "ஆள் வேலையில் – ஓட்டாதே" என்று எழுதி கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டரின் கீபோர்டு மேல் வைக்க வேண்டும். நந்தகுமார் காலை ஷிஃப்ட் ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் அட்டையை எழுதி ஒழுங்காகக் கீபோர்டு மேல் வைத்தார்.

பயிற்சிக்குப் போனவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வேன், உஸ்மான் சாலையில் தீபாவளிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அனிருத் மட்டும் பைக்கில் முன்னால் போய்ச் சேர்ந்தார். மேஜைகளைப் பார்த்தார். தண்ணீர் பாட்டில், ரெஜிஸ்டர், பேனா, ஏதோ ஒரு மஞ்சள் அட்டை. போட்டோவில் அசிங்கமாக விழும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாரி டிராயரில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்தார். காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் அதற்கு முன்பே, இரண்டு மணியோடு கிளம்பிவிட்டிருந்தார். ரோஸி வந்து உட்கார்ந்தபோது இரண்டு நாற்பது. என்ன நடக்கிறது, எங்கே யார் வேலையில் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆளே இல்லை. பூச்சாடி மட்டும் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, கொட்டு கொட்டு என்று கொட்டியது. மழைநீர் தனியாகவும் சாக்கடை தனியாகவும் ஓடும் என்பது வரைபடத்தில் மட்டும்தான். பெருமழை வந்தால் பாதித் தண்ணீர் சாக்கடைக் குழாயில்தான் இறங்கும். தி.நகர் கிணற்றின் மட்டம் அறுபது சதவீதத்திலிருந்து எழுபது, எழுபதிலிருந்து எழுபத்தெட்டு என்று ஏறியது.

மூன்று மணிக்கு விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், தலைமை அலுவலகத்துக் கோட்டுகள், கையில் கேடயத்தோடு ஷ்ரேயா. அனிருத் ரோஸியின் காதருகே குனிந்து, "சவுண்டை ம்யூட் பண்ணிடுங்க, ஸ்பீச் போயிட்டிருக்கும்போது பீப் பீப்னு வந்தா நல்லா இருக்காது" என்றார். ரோஸி தயங்கினாள். அவரே கையை நீட்டி நிறுத்திவிட்டார். திரையில் தி.நகர் பச்சையிலிருந்து மஞ்சளாக மாறியது. ஒரு கோட்டு அது என்ன என்று கேட்டது. "அது வந்து சார், அந்த ஸ்டேஷன் ஆக்டிவா இருக்குன்னு அர்த்தம்" என்றார் அனிருத்.

எண்பத்தெட்டு. ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பம்ப் பழுதென்று சாம்பல் நிறத்தில் கிடந்தது. மூன்றாவது சும்மா நின்றது, தயார் என்று காட்டியது. கிணறு நிரம்பினால் தண்ணீர் பின்வாங்கித் தெருவில் மேன்ஹோல் வழியாக மேலே வரும். தீபாவளிப் புடவை எடுக்க வந்த ஜனத்தின் முழங்காலில் வந்து நிற்கும்.

"ரோஸி, தி.நகர்ல மூணைப் போடு" என்றார் நிரஞ்சன்.

ரோஸி மூன்றாவது பம்பின் மேல் தட்டினாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஓட்டவா? ஆம், இல்லை. அம்புக்குறியை "ஆம்" மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கடைசி வரிசையில் கஞ்சி போட்ட சட்டையில் நின்றிருந்த நந்தகுமாரின் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இரண்டே எட்டில் முன்னால் வந்தார். வந்தவர் சொன்னார்:

"ரோஸிம்மா, அவராண்ட சொல்லு, மூணுல ஆள் கீறான்னு."

ரோஸியின் விரல் அப்படியே நின்றது.

நிரஞ்சன் நிமிர்ந்தார். "ரோஸி, அவர்ட்ட கேளு, ஆள் இருந்தா மஞ்சள் அட்டை எங்கேன்னு."

"ரோஸிம்மா, மதியமே வைக்க சொன்னேன்னு அவராண்ட சொல்லு."

"ரோஸி, இங்க அட்டையும் இல்லை ஒண்ணும் இல்லை, பூச்சாடிதான் இருக்குன்னு அவர்ட்ட சொல்லு!"

விருந்தினர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஒரு கோட்டு பக்கத்துக் கோட்டிடம், பாருங்கள், எல்லாமே ஆபரேட்டர் வழியாகத்தான் போகிறது, என்ன கட்டுப்பாடு என்றது. இரண்டு பேர் கை தட்டினார்கள்.

ரோஸிக்கு அந்தக் கைதட்டல் எங்கோ தூரத்தில் கேட்டது. தி.நகரில் ஆள் என்றால் ஷரீஃப்தான். அவரை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வாக்கி டாக்கியில் ஒரு குரல், அவ்வளவுதான். "ரோஸி மேடம், ஷரீஃப் பேசறேன், நாஷ்டா ஆச்சா?" என்றுதான் தினமும் ஆரம்பிக்கும். அந்தக் குரலுக்கு இரண்டு கைகள் இருக்கும் என்றும், அவை இப்போது பம்புக்குள் இருக்கும் என்றும் அவளுக்குத் தோன்றியது. மவுசை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

கை தட்டியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"இனிமே யாருகிட்டயும் யாரு சொன்னதையும் நான் சொல்லமாட்டேன். அரை செகண்டு, சார். அரை செகண்டுல தட்டியிருப்பேன். அங்க ஒரு மனுஷன் கையை உள்ள வச்சுக்கிட்டு இருக்காரு, நீங்க ரெண்டு பேரும் என் வாயில தபால் போட்டுக்கிட்டு இருக்கீங்க. ரெண்டு பேரும் நேரா பாத்துப் பேசுங்க. பேசலைன்னா இந்த மவுசை நான் தொடமாட்டேன், ஊரே மூழ்கட்டும்."

"ரோஸி, கெஸ்ட்ஸ் இருக்காங்க..." என்றார் அனிருத்.

"அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, திரையை மறைக்கறாங்க."

தொண்ணூற்றொன்று.

நிரஞ்சன் மஃப்ளரை அவிழ்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நந்தகுமாரின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நந்தா, யார் உள்ள?"

"ஷரீஃப். கீழ ரூம்ல டவர் கிடைக்காது. வாக்கி டாக்கியும் இழுக்காது. கேட்டுல லேண்ட்லைன் கீது."

ரோஸி ஏற்கனவே அந்த எண்ணைச் சுழற்றிவிட்டாள். கேட்டில் காவலுக்கு இருந்த பாஞ்சாலி எடுத்தாள்.

"அலோ, யாரு?"

"அக்கா, அடையாறு கன்ட்ரோல் ரூம். கீழ போய் ஷரீஃப் அண்ணனை மூணாவது பம்பை விட்டு வெளிய வரச் சொல்லுங்க. கையை எடுத்துட்டு, மேல வந்து உங்க பக்கத்துல நிக்கணும்."

"இருமா, மழை சத்தத்துல பாதி கேக்கல, நான் திருப்பி சொல்றேன், சரியானு கேட்டுக்கோ. ஷரீஃப் பாய் மூணாவது பம்பாண்டேந்து கையை எட்த்துட்டு மேல வந்து என்னாண்ட நிக்கணும். அதானே?"

"அதேதான்க்கா."

பாஞ்சாலி எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை, பலூன் ஊதவில்லை. காவலுக்கு இருக்கும் ஆளைக் குழுவில் சேர்க்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அவள் ஓடும் சத்தமும், படியில் இறங்கிக் கத்தும் சத்தமும் கேட்டது. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று. பிறகு போனில் அந்தப் பழகிய குரல்.

"ரோஸி மேடம், ஷரீஃப் பேசறேன். இன்னா ஆச்சு?"

நந்தகுமார் போனை வாங்கினார். கப்ளிங் கழற்றிய நிலையில் கிடக்கிறது, மூன்றாவது பம்ப் இன்றைக்கு ஆகாது என்று அரை நிமிஷத்தில் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் எட்டு மாதமாக நடத்தியிருக்கலாம்.

"ரெண்டு ஏன் படுத்துண்டிருக்கு?" என்று கேட்டார் நிரஞ்சன்.

"சீல் லீக். சூடேறாம பைப்பை வச்சி மேல தண்ணி அடிச்சிக்கினே இருந்தா ஒரு மணி நேரம் தாங்கும். ஷரீஃப் அடிப்பான். ஆனா ஒரு பம்பு எக்ஸ்ட்ரா பத்தாதே, வரத்து ஜாஸ்தியா கீது."

"வரத்துல பாதி கோடம்பாக்கத்துலேர்ந்து வரது. அங்க கிணறு நாப்பதுலதான் இருக்கு. இருபத்தஞ்சு நிமிஷம் அங்க பம்பை நிறுத்திட்டா நமக்கு இங்க மூச்சு விட நேரம் கிடைக்கும்."

"அப்போ போதும். அது போதும்பா."

ரோஸி வாய்விட்டுச் சொன்னாள்: "கோடம்பாக்கம் நிறுத்தறேன். தி.நகர் ரெண்டு போடறேன். மூணு தொடமாட்டேன்."

"சரி" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

இரண்டாவது பம்ப் பச்சைக்கு மாறியது. மட்டம் தொண்ணூற்றாறு வரை போனது. அங்கேயே வெகுநேரம் நின்றதுபோல் இருந்தது. கடிகாரத்தில் நாலு நிமிஷம்தான். பிறகு தொண்ணூற்றைந்து. பிறகு தொண்ணூற்று மூன்று.

விருந்தினர்களில் ஷ்ரேயா ஒருவர்தான் கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து, "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் ரோஸி. மற்றவர்களிடம் அனிருத், இது ஒரு நேரடிச் செயல்விளக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் நம்பினார்கள். கேடயம் வழங்கப்பட்டது. ரோஸியை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அதில் அவள் சிரிப்பதுபோல் இருக்கும். உண்மையில் பல் கிட்டிப்போயிருந்தது.

ஷிஃப்ட் முடியுமுன் டிராயரைத் திறந்தாள். பாட்டிலுக்கு அடியில் மஞ்சள் அட்டை கிடந்தது. ரெஜிஸ்டரை எடுத்து எழுதினாள்: "மதியம் 3.14. தி.நகர் மூன்றாவது பம்பை ஓட்ட இருந்தேன். உள்ளே ஆள் இருந்தார். அட்டை டிராயரில் இருந்தது. அலாரம் சத்தம் நிறுத்தப்பட்டிருந்தது."

அனிருத் அதைப் படித்துவிட்டு, "எதுவும் நடக்கலையே, எதுக்கு இவ்வளவு டீடெய்லா? 'நார்மல்'னு ஒரு வார்த்தை போட்டா போதுமே" என்றார். நிரஞ்சன் பேனாவை வாங்கி ரோஸியின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை நந்தகுமாரிடம் நீட்டினார். அவரும் போட்டார். மூன்று கையெழுத்துள்ள பக்கத்தைக் கிழிக்க அனிருத்துக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. இரண்டு முடிவுகள் வந்தன. ஆறு மாதமாக வராத சுவிட்ச் நாலே நாளில் வந்தது. விருந்தினர்கள் முன்னால் குரலை உயர்த்தியதற்கு விளக்கம் கேட்டு ரோஸிக்கு ஒரு மெமோவும் வந்தது. அட்டையை டிராயரில் போட்டவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பணியிடத்தைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் போனது. மெமோவுக்குப் பதிலை நிரஞ்சனும் நந்தகுமாரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். ரோஸி பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பட்டாணி சாப்பிட்டாள்.

சுவிட்ச் மாட்டிய மறுநாள் ஷரீஃப் ஏதோ கையெழுத்துப் போட அடையாறுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது, மெலிந்த ஆள், கதவருகே செருப்பைக் கழற்றப் போனவரை ரோஸி தடுத்தாள். அவர் சுவர் அளவுத் திரையை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல எங்க ஸ்டேஷன் எது மேடம்?"

காட்டினாள்.

"மூணாவது பம்பு?"

காட்டினாள். நகம் அளவுக்கு ஒரு பச்சை வட்டம். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன் இதுல?"

"இதுல நீங்க இல்லண்ணா" என்றாள் ரோஸி. "இதுல பம்ப்தான் தெரியும்." திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பி, "அன்னிக்கு மவுசு என் கையிலதான் இருந்துச்சு" என்றாள். யாராவது சொல்லித்தானிருப்பார்கள். இருந்தாலும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஷரீஃப் தன் கைகளைப் பார்த்தார். விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார். "தட்டலியே மேடம்" என்றார். "வுடுங்க."

ரோஸி மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "உங்க நம்பர் குடுங்கண்ணா. இங்க யார்கிட்டயும் இல்ல."

"என் நம்பரா? எட்டு வருசமா கீறேன் மேடம், யாரும் கேட்டதே இல்ல." சிரித்தார். "என் நம்பரை வாங்கி இன்னா பண்ணப் போறீங்க, கீழ போனா எனக்கு டவரே கிடைக்காது. பாஞ்சாலி அக்கா நம்பரை எழுதிக்கோங்க."

இரண்டையும் எழுதிக்கொண்டாள்.